தங்கை வீடு கடலோரம், நம் வீடு ஆற்றோரம்: புயலுக்கு முன் யார் எங்கே போவது?

காவேரிப்பட்டினத்தான் (புதன், இரவு 9:40)

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். அந்தமான் அருகே உருவான காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி வலுப்பெற்று வட தமிழகக் கடற்கரையை நோக்கி வரக்கூடும் என்று மாலைச் செய்தியில் சொன்னார்கள். என் தங்கையைக் கடலூர் தாழங்குடாவில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறார். வீட்டின் முன்பகுதி காங்கிரீட், பின்னால் சமையல்கட்டுக்குத் தகரக் கூரை. இரண்டு சிறு பிள்ளைகள். மாமியாருக்குச் சர்க்கரை நோய், தினமும் இன்சுலின்.

என் அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். "எல்லாரும் பஸ் ஏறி இங்கே வந்துவிடுங்கள், கடலே இல்லாத ஊரில் புயல் என்ன செய்துவிடும்" என்று தொலைபேசியில் நாளுக்கு நான்கு தடவை சொல்கிறார். தங்கைக்கு வர மனம் இருக்கிறது. மாப்பிள்ளை படகை விட்டு வரமாட்டேன் என்கிறார். மாமியார் வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார்.

அவர்களை வற்புறுத்தி அழைப்பது சரிதானா? அங்கேயே இருந்தால் என்னென்ன செய்ய வேண்டும்? புயலைக் கண்ணால் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தக்காளி மண்டி (புதன், இரவு 10:05)

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். நம் மாவட்டங்களில் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லையே என்று ஏங்குகிற ஆண்டுகள்தான் அதிகம். புயல் வந்தால் நமக்கு இரண்டு நாள் தூறல், தக்காளி விலை ஏற்றம், அவ்வளவுதான். உங்கள் அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. அழைத்து வந்துவிடுங்கள், இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

ஊத்தங்கரைக்காரி (புதன், இரவு 10:31)

இரண்டு நாள் தூறலா? அண்ணா, 2024 டிசம்பர் முதல் தேதி நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் தொலைக்காட்சியில் வலுவிழந்தது, வலுவிழந்தது என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த வலுவிழந்த புயல்தான் டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் எங்கள் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. இந்தப் பக்கம் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல் ஒரே நாளில். அரூரில் 30 சென்டிமீட்டரைத் தாண்டியது. ஏரி நிரம்பி வழிந்த வேகத்தில் பஸ் நிலையம் அருகே நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் ஒன்றன்மேல் ஒன்று மோதிக்கொண்டு உருண்டு போனதை நாடே காணொளியில் பார்த்தது. கடற்கரையிலிருந்து எங்கள் ஊர் எத்தனை தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

காவேரிப்பட்டினத்தாரே, உங்கள் தங்கையை அழைக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வீட்டுக்கு அழைக்கிறீர்கள், எந்த வழியாக, எந்த நாளில் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் ஊரே தென்பெண்ணைக் கரையில்தானே இருக்கிறது?

மழைமானி (வியாழன், காலை 6:15)

தருமபுரி. வீட்டு மாடியில் மழைமானி வைத்துக் குறிப்பெடுக்கும் பழக்கம் உள்ளவன், அதனால் இந்தப் பெயர்.

வானிலை ஆய்வு மையம் புயல் எச்சரிக்கையை நான்கு கட்டமாக விடுகிறது. 72 மணி நேரத்துக்கு முன்பே ஒரு முன்னறிவிப்பு. பிறகு கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு ஒன்று, 24 மணி நேரம் முன்பு ஒன்று. இந்த மூன்றும் எல்லாருக்கும் தெரிந்தவை. நான்காவதைத்தான் நம் ஆட்கள் யாரும் கவனிப்பதில்லை. கரையைக் கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பு வெளியாகும் அந்த அறிக்கை, கடந்த பிறகு புயல் எந்தத் திசையில் உள்ளே நகரும், உள் மாவட்டங்களில் என்ன நடக்கும் என்பதைச் சொல்வது. அதாவது நமக்காகவே எழுதப்படுவது. நாமோ கரையைக் கடந்துவிட்டது என்ற செய்தி வந்தவுடன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறோம்.

காற்றின் வேகத்தை வைத்துத்தான் பெயர் மாறுகிறது. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், 89-க்கு மேல் தீவிரப் புயல், 118-க்கு மேல் அதிதீவிரப் புயல். 62-க்குக் கீழே இறங்கிவிட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்கிறார்கள். காற்று குறைந்தது என்பதற்கு மழை குறைந்தது என்று அர்த்தம் இல்லை. மெதுவாக நகரும் தாழ்வு மண்டலம் கடலிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே வந்து ஜவ்வாது மலை, சித்தேரி மலை, சேர்வராயன் பக்கம் ஏறும்போது என்ன ஆகும் என்பதை ஊத்தங்கரைக்காரி சொல்லிவிட்டார். நிற அறிவிப்பில் ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே செயல்படு. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அதிகனமழை.

கடலூர்க்காரர்களுக்கு ஒன்று. நம் கிழக்குக் கரையில் மேற்கு நோக்கி வரும் புயல் கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே கடலிலிருந்து கரைக்குக் காற்று அடிக்கும். கடல் நீர் மேலெழுந்து ஊருக்குள் வருவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஆகவே புதுச்சேரிக்குத்தான் புயல், நமக்கு இல்லை என்று யாரும் நிம்மதியாகிவிட வேண்டாம். பாதை சற்றுத் தெற்கே இறங்கினால் போதும், கணக்கு மாறிவிடும்.

கம்பி ஏணி (வியாழன், காலை 8:50)

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கிருஷ்ணகிரி. 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கஜா கடந்தபோது எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆட்களை டெல்டாவுக்கு அனுப்பினார்கள். நானும் போனேன். வயலில் கம்பங்கள் முறிந்து கிடக்க, அவற்றின்மேல் தென்னை விழுந்து கிடந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொண்டு வேலை செய்தோம். அந்த ஊர்ப் பெண்கள் தங்களுக்கே இல்லாதபோது எங்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். அதை விடுங்கள், கேட்டதற்கு வருகிறேன்.

தம்பி, தகரக் கூரைதான் முதல் எதிரி. ஆணி தளர்ந்த தகடு காற்றில் பறந்தால் கழுத்தை அறுக்கும். ஜே ஊக்கு போல்ட் ஒவ்வொன்றையும் இன்றைக்கே முடுக்கச் சொல்லுங்கள். மேலே மணல் மூட்டை வைத்துக் கயிற்றால் குறுக்கே கட்டலாம், ஆனால் கயிற்றை வீட்டுச் சட்டத்தில் கட்டாமல் தரையில் அடித்த முளையில் கட்ட வேண்டும். மாடியில் கிடக்கும் பழைய தகடு, பூந்தொட்டி, காலி டிரம் எல்லாம் கீழே இறங்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தால் பறக்கும், நிரப்பி வைத்தால் நிற்கும். நிரப்பிய தண்ணீர் புயலுக்குப் பிறகு தங்கமாகத் தெரியும். மின்சாரம் இல்லையென்றால் ஊர் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. டெல்டாவில் பல ஊர்களில் சோற்றை விடத் தண்ணீருக்குத்தான் அலைந்தார்கள்.

காற்று வலுக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், சிலிண்டர் வால்வை மூடிவிட வேண்டும். நடுவில் காற்று சட்டென்று நின்று வானம் வெளுத்தால் புயல் முடிந்தது என்று யாரும் வெளியே போகக்கூடாது. அது புயலின் கண். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து முன்னிலும் மூர்க்கமாக அடிக்கும். ஒரு பக்கம் சாய்ந்து நின்ற மரங்கள் விழுவது அப்போதுதான்.

அறுந்து கிடக்கும் கம்பி செத்துப்போனது என்று நினைத்துத் தொடுகிறவர்களைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. எங்கேயோ ஒரு கடைக்காரர் ஜெனரேட்டரை வீட்டு லைனில் நேராகச் சொருகியிருந்தால் அந்தக் கம்பியில் உயிர் இருக்கும். வாரியத்து ஆள் வந்து சொல்லும்வரை ஒதுங்கியே நடக்க வேண்டும்.

நாகை மருமகள் (வியாழன், காலை 10:20)

அக்கரைப்பேட்டையில் பிறந்து நல்லம்பள்ளிக்கு வாழ வந்தவள். இங்கே வந்த புதிதில் சுற்றிலும் மலையைப் பார்த்தால் மூச்சு முட்டும். இப்போது பழகிவிட்டது.

எங்கள் ஆட்கள் ஏன் ஊரை விட்டுக் கிளம்ப மறுக்கிறார்கள் என்று மேட்டு நிலத்துக்காரர்களுக்குப் புரிவதில்லை. பிடிவாதம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். படகும் வலையும் எஞ்சினும் பல லட்ச ரூபாய், பெரும்பாலும் கடன். அதைக் கடற்கரையில் விட்டுவிட்டு ஒரு மனிதன் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவான்? மாமியாருக்கு வேறு கணக்கு. புயல் பாதுகாப்பு மையத்தில் நூறு பேர் நடுவில் இரவில் கழிப்பறைக்குப் போவதை நினைத்தே பல வயதான பெண்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிடப்பார்கள். சர்க்கரை நோயாளி அப்படிக் கிடந்தால் என்ன ஆகும்? உங்கள் தங்கையின் மாமியாரிடம் நேராக இதைக் கேட்டுப் பாருங்கள். வெளியே வீட்டை விட்டு வரமாட்டேன் என்பார், உள்ளே இதுதான் இருக்கும்.

இன்னொன்று, வருகிறது வருகிறது என்று சொல்லி வராமல் போன புயல்களும் நிறைய. ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டி அவிழ்த்தவர்களுக்குச் சலிப்பு வரத்தானே செய்யும். ஒடிசாவில் 1999 சூப்பர் புயலில் பத்தாயிரம் பேரளவுக்குச் செத்தார்கள். அதற்குப் பிறகு ஊர் ஊராக மையம் கட்டி, யார் எந்த வீட்டுக் கிழவியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதுவரை பேசிவைத்தார்கள். 2019-இல் ஃபானி வந்தபோது சுமார் 12 லட்சம் பேரை நகர்த்திவிட்டார்கள். சாவு நூறைத் தாண்டவில்லை. அங்கேயும் வராமல் போன புயல்கள் உண்டு. பழக்கம்தான் வேலை செய்தது.

படகைப் பற்றி. காவேரிப்பட்டினத்து அண்ணா, தாழங்குடா தென்பெண்ணை முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் கடலுக்குப் பயந்து படகை ஆற்றுக்குள் கொண்டுபோய்க் கட்டுவார்கள். கடலலைக்கு அது பாதுகாப்பு. ஆற்றில் வெள்ளம் வந்தால் அதே படகு கயிறு அறுந்து கடலுக்குப் போய்விடும். டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுத்துவிடச் சொல்லுங்கள். எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க வேண்டும். படகுகளை நெருக்கமாகக் கட்டினால் ஒன்றோடொன்று மோதி உடையும், இடைவெளி விட வேண்டும். இழுத்து நிறுத்தியபின் பதிவு எண் தெரிகிற மாதிரி நான்கு பக்கமும் கைபேசியில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிறகு நிவாரணம் கேட்கப் போகும்போது படகு இருந்ததற்கே சான்று கேட்பார்கள்.

தக்காளி மண்டி (வியாழன், காலை 10:45)

படித்தேன். ஊத்தங்கரை அம்மா சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் கடற்கரையில் இருப்பதைவிட இங்கே இருப்பது மேல்தானே? எதற்கெடுத்தாலும் பயமுறுத்தினால் ஆட்கள் எங்குமே போகமாட்டார்கள்.

ஊத்தங்கரைக்காரி (வியாழன், காலை 11:30)

மேல்தான், மறுக்கவில்லை. சரியான நேரத்தில், சரியான வீட்டுக்கு வந்தால்.

நேரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2020-இல் நிவர் வந்தபோது கரையைக் கடப்பதற்கு முந்தைய நாளே கடலூர் உட்பட ஏழு மாவட்டங்களில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். புயல் நெருங்கிய பிறகு கிளம்பலாம் என்று இருந்தால் கிளம்பவே முடியாது. அப்படியே கிளம்பினாலும் அவர்கள் வரும் பாதை பண்ருட்டி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை. 2024-இல் கடந்து முடிந்த மறுநாள் இந்தப் பாதை முழுக்கத்தான் புயலின் மிச்சம் நகர்ந்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஏழு பேர் மண்ணுக்குள் போனதும் அன்றுதான். பிள்ளைகளோடு அந்த வழியில் நடுவே மாட்டிக்கொள்வதற்குத் தாழங்குடா மையமே தேவலை. ஆகவே வருவதென்றால் நாளைக் காலைக்குள். இல்லையென்றால் அங்கேயே, மையத்தில்.

வீட்டைப் பற்றி அவரே யோசிக்கட்டும். ஆற்றங்கரைத் தெருவா, ஏரிக்கரைக்குக் கீழா, மேடா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மழை எங்கள் ஊரோடு நிற்கவில்லை. பாம்பாறும் வாணியாறும் தென்பெண்ணையில்தான் சேருகின்றன. அந்தத் தண்ணீரெல்லாம் சாத்தனூர் அணைக்குப் போனது. அணை நிரம்பி டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். புயல் போய்விட்டது என்று வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த விழுப்புரம், கடலூர் ஆற்றோர மக்களின் வாசலுக்கு நம் மாவட்டத்து மழை போய் நின்றது. கடலூர்க்காரருக்குப் புயல் இரண்டு தடவை வரும். முதலில் கிழக்கிலிருந்து காற்றாக, பிறகு மேற்கிலிருந்து வெள்ளமாக. உங்கள் மாப்பிள்ளை கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் முதுகுப் பக்கம் அடி விழும்.

மழைமானி (வியாழன், நண்பகல் 12:10)

இதைத்தான் நானும் எழுத வந்தேன். தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அருகே இருக்கிற கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் திறக்கும்போது வரும் அறிவிப்பை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். "கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கு வெள்ள அபாய எச்சரிக்கை" என்று ஒரே மூச்சில் ஐந்து பெயர். கடைசிப் பெயர்வரை பொறுமையாகக் கேட்பவர்கள் குறைவு.

முகத்துவாரத்தில் இன்னொரு சிக்கல். கடல் மட்டம் உயர்ந்து நிற்கும்போது ஆற்று நீர் வடிய வழி இருக்காது. பின்னுக்குத் தள்ளப்பட்டு ஊருக்குள் பரவும். இரண்டும் ஒரே நாளில் நடந்தால் நிலைமை மோசம்.

அரூர் இளையவன் (வியாழன், பிற்பகல் 2:00)

நாங்கள் நண்பர்கள் சிலர் இப்போதே பழைய துணி, போர்வை, பிஸ்கட் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறோம். டெம்போ வைத்துப் புயல் கரையைக் கடக்கும் அன்றே கடலூர் போய் இறங்கலாம் என்று திட்டம். தருமபுரியிலிருந்து யார் சேர்கிறீர்கள்?

கம்பி ஏணி (வியாழன், பிற்பகல் 2:25)

மனதைப் பாராட்டுகிறேன் தம்பி, திட்டத்தைப் பாராட்ட முடியாது. கடக்கும் அன்று போனால் மீட்க வேண்டியவர்கள் பட்டியலில் உங்கள் பெயரும் ஏறும். பழைய துணி வேண்டவே வேண்டாம். கஜாவின்போது சாலையோரம் மழையில் ஊறிக் குவிந்து கிடந்த சேலைகளைப் பார்த்தால் நீங்களே சொல்வீர்கள். தார்ப்பாய், நைலான் கயிறு, மெழுகுவத்தி, கொசுவத்தி, நாப்கின், பிளீச்சிங் பவுடர். முடிந்தால் சிறிய ஜெனரேட்டர் ஒன்று. அதையும் அங்கே ஒருவரிடம் பேசி, எந்த ஊருக்கு எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பிறகு போங்கள். பிரதான சாலையில் இருக்கிற ஊருக்கே எல்லா வண்டியும் போய் நிற்கும், உள்ளே இருக்கிற ஊருக்கு ஒன்றும் போகாது.

அதுவரை அரூரில் உங்கள் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உண்மையாகவே சொல்கிறேன்.

அரூர் இளையவன் (வியாழன், பிற்பகல் 2:40)

கோபம் இல்லை ஐயா. துணி சேகரிப்பை நிறுத்திவிட்டோம். தார்ப்பாய் மொத்த விலையில் கிடைக்கும் கடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டினத்தான் (வியாழன், மாலை 6:30)

எல்லாருக்கும் பதில் சொல்ல நேரமில்லை, மன்னிக்கவும். இன்று பகல் முழுக்கத் தொலைபேசியில்தான் போனது. நாகைச் சகோதரி சொன்னபடி மாமியாரிடம் நானே பேசினேன். முதலில் வீடு, ஆடு, திருட்டுப் பயம் என்றார். மையத்துக் கழிப்பறை பற்றி மெதுவாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அங்கே உங்கள் வீட்டில் உள்ளேயே இருக்கிறதா தம்பி?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வருகிறார்.

தங்கை, பிள்ளைகள், மாமியார் நாளை அதிகாலை முதல் பஸ். மாப்பிள்ளை படகை மேட்டுக்கு ஏற்றிவிட்டு, அழைப்பு வந்ததும் மையத்துக்குப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இன்று கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம்.

எங்கள் வீடு ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, ஆனால் தாழ்வு. அதனால் அவர்களை மேட்டில் இருக்கிற என் மாமனார் வீட்டில் தங்கவைக்கிறேன். அம்மாவுக்கு வருத்தம்தான். நிப்பட்டு சுட்டு அங்கே எடுத்துப் போகிறேன் என்று சமாதானமாகியிருக்கிறார்.

இன்சுலின் பற்றி யாராவது சொல்லுங்கள். வழியில் கெட்டுவிடாதா? இங்கேயும் மின்சாரம் போனால் என்ன செய்வது?

மருந்தகப் பெண் (வியாழன், மாலை 7:05)

பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பி பொதுவாகச் சுமார் நான்கு வாரம் குளிர்பெட்டிக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் இருக்கலாம். அட்டையில் எழுதியிருப்பதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காத குப்பிகளுக்கு மண் சட்டியில் ஈரமணல் போட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைத்தால் ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. பனிக்கட்டிமேல் நேராக வைத்துவிடாதீர்கள், உறைந்துபோன இன்சுலின் பயனற்றது. ஊசி, மருந்துச் சீட்டு, கொஞ்சம் சர்க்கரை மூன்றும் அவர் கைப்பையிலேயே இருக்கட்டும்.

மாப்பிள்ளையிடம் ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், படகுப் பதிவுச் சான்று, மீனவர் நல வாரிய அட்டை எல்லாவற்றையும் கெட்டி பிளாஸ்டிக் பையில் போட்டுத் தங்கையிடம் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். நகல் அவரிடம் இருந்தால் போதும்.

நாகை மருமகள் (வியாழன், மாலை 7:20)

ஆட்டை மறந்துவிட்டீர்களே. கட்டிப்போட்டுவிட்டு வரக்கூடாது, அவிழ்த்துவிட்டால் தானாக மேடு தேடிப் போகும். மாப்பிள்ளையிடம் பேட்டரி ரேடியோ ஒன்று இருக்கட்டும். கைபேசிக் கோபுரம் சாய்ந்தால் அதுதான் துணை. அந்த ஊரில் நிறைமாதக் கர்ப்பிணிகள் யாராவது இருந்தால் முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லுங்கள். நடு இரவில் 108 உள்ளே வர முடியாது.

தக்காளி மண்டி (வியாழன், இரவு 8:15)

காவேரிப்பட்டினத்தாரே, நாளைக் காலை என் வண்டி சரக்கு இறக்கிவிட்டுத் திருவண்ணாமலையிலிருந்து காலியாகத் திரும்புகிறது. ஓட்டுநர் நம்பிக்கையான ஆள், முன்னால் உட்கார இடம் உண்டு. செங்கத்துக்கு மேல் பஸ் கிடைக்காமல் போனால் சொல்லுங்கள், அவர்களை ஏற்றிக்கொள்ளச் சொல்கிறேன். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

காவேரிப்பட்டினத்தான் (வெள்ளி, பிற்பகல் 1:50)

வந்து சேர்ந்தார்கள். திருவண்ணாமலை வரை பஸ், அங்கிருந்து மண்டிக்காரர் வண்டி. நன்றி அண்ணா. பிள்ளைகள் வண்டி நிறைய இருந்த காலி கூடைகளை எண்ணிக்கொண்டே வந்தார்களாம். மாப்பிள்ளை படகைச் சாலைக்கு மேற்கே இழுத்துவிட்டார், படங்களும் அனுப்பிவிட்டார். ஊத்தங்கரைச் சகோதரி, இனி நான் இங்கே எதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்?

ஊத்தங்கரைக்காரி (வெள்ளி, பிற்பகல் 2:15)

கடக்கும் வரை கடலூர்ச் செய்தி. கடந்த பிறகு உங்கள் ஊர்ச் செய்தி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070, இரண்டையும் சுவரில் எழுதி வையுங்கள். கே.ஆர்.பி. அணையில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு திறக்கிறார்கள் என்று காலையும் மாலையும் பாருங்கள். பார்த்தவுடன் அதே கணக்கை மாப்பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கள். சாத்தனூர்க் கணக்கையும் சேர்த்து. காற்று நின்றவுடன் அவர் படகைத் திரும்ப ஆற்றில் இறக்கக் கிளம்பிவிடுவார், நீங்கள் சொல்லும்வரை இறக்கவேண்டாம் என்று இப்போதே பேசி வையுங்கள்.